வென்ற பெண்களும் தொடராத திட்டமும்

வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பும் ஒரு தேசிய அணியை எடைபோடும்போது, எத்தனை ஆட்டங்களில் வென்றது, எத்தனையில் தோற்றது என்ற கணக்கே முதலில் பார்க்கப்படுகிறது. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்கு அது போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால் அந்த அணி எந்த நிலையிலிருந்து புறப்பட்டது, எதிரணிக்கு இருந்த அனுபவம் எவ்வளவு, முந்தைய பயணத்தில் வெளிப்பட்ட குறைகளில் எவை களையப்பட்டன, இந்தப் பயணம் அடுத்த பயணத்துக்கு எதைச் சேர்த்துவைத்தது என்ற கேள்விகளையும் கேட்டால்தான் மதிப்பீடு முழுமை பெறும். இந்திய மகளிர் ரக்பி அணி 2018இல் சிங்கப்பூருக்கும் 2019இல் பிலிப்பைன்ஸுக்கும் மேற்கொண்ட இரு டெஸ்ட் பயணங்களை இந்த நோக்கில் ஆராய்ந்தால், ஆட்டக்காரர்கள் ஓராண்டில் கடந்த தொலைவு வியக்கத்தக்கது என்பதும், அவர்களை அனுப்பிவைத்த அமைப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதும் ஒருங்கே தெரியவருகின்றன. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய இடங்களில் ஒன்று சென்னையின் தெற்கு எல்லையில், வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டெஸ்ட் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது ஐந்து நாள் கிரிக்கெட். ரக்பியில் அச்சொல் இரு நாட்டு முதன்மை அணிகள் மோதும் ஒவ்வோர் ஆட்டத்தையும் குறிக்கும். ஆட்ட நேரம் எண்பது நிமிடங்கள்தான். நூறு மீட்டர் நீளத்துக்குள் அமைந்த புல்தரையில் பதினைந்து பேர் கொண்ட இரு அணிகள், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து தரையில் பதிக்க முயல்கின்றன. அப்படிப் பதிப்பது ‘ட்ரை’ எனப்படும், அதற்கு ஐந்து புள்ளிகள். அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் இரண்டு. எதிரணி விதி மீறும்போது கிடைக்கும் பெனால்டி உதை கம்பங்களுக்கு இடையே சென்றால் மூன்று. பந்தோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முன்னோக்கி ஓடலாம், ஆனால் கையால் தோழருக்குக் கொடுக்கும்போது முன்னோக்கிக் கொடுக்கக் கூடாது என்ற ஒரே விதியிலிருந்துதான் இந்த ஆட்டத்தின் அழகும் சிக்கலும் பிறக்கின்றன. பந்தை ஏந்தி ஓடுபவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவது ‘டேக்கிள்’ என்றும், வீழ்ந்தவருக்கு மேல் இரு அணியினரும் நின்றபடி தள்ளி பந்துக்காகப் போராடுவது ‘ரக்’ என்றும் அழைக்கப்படுகின்றன.

இந்த ஆட்டத்துக்குச் சுருங்கிய வடிவம் ஒன்றும் உண்டு. அதே அளவு மைதானத்தில் அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம் என்று ஆடப்படும் எழுவர் ஆட்டத்தில் வேகமே ஆளுகிறது. ஆட்கள் குறைவு, வெளி அதிகம் என்பதால் ஒரு நல்ல ஓட்டக்காரர் தனித்தே ஆட்டத்தைத் திருப்பிவிடலாம். பதினைந்து பேர் ஆட்டத்திலோ அதே இடத்தில் முப்பது பேர் நெருக்கியடித்து நிற்பதால், வெளியை முதலில் உருவாக்கிய பிறகே ஓட முடியும். அந்த உருவாக்கும் வேலையை எட்டு முன்னணி வீரர்கள் தோளாலும் கழுத்தாலும் தொடையாலும் செய்ய, அதன் பலனைப் பின்னணியின் ஏழு பேர் காலால் அறுவடை செய்கிறார்கள். பதினைந்து பேர் ஆட்டம் கடைசியாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1924ஆம் ஆண்டு பாரிஸில். 2009இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரக்பியை மீண்டும் சேர்க்க முடிவெடுத்தபோது எழுவர் வடிவத்தையே தேர்ந்தெடுத்தது. 2016இல் ரியோவில் அது அரங்கேறியது. அரசு நிதி ஒலிம்பிக் பதக்கத்தை நோக்கியே பாயும் நாடுகளில் இந்த முடிவின் விளைவு என்னவென்பதை விளக்க வேண்டியதில்லை. ஆசியாவின் பல நாடுகளில் மகளிர் ரக்பி என்றாலே எழுவர் ஆட்டம் என்ற நிலை உருவானது. இந்தியாவும் அதற்கு விலக்கல்ல.

இந்தியப் பெண்கள் சர்வதேச எழுவர் ஆட்டத்தில் 2009இல் முதன்முறையாகக் களமிறங்கினார்கள். பதினைந்து பேர் ஆட்டத்துக்கு அவர்கள் வர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப்பின் முதல் பிரிவுப் போட்டியில்தான் இந்தியாவுக்கென ஒரு மகளிர் டெஸ்ட் அணி பிறந்தது; ஆசியாவின் முன்னணி நாடுகளுக்கு அடுத்த படியில் உள்ள அணிகள் ஆடும் போட்டி அது. சிங்கப்பூரிடமும் பிலிப்பைன்ஸிடமும் இந்தியா தோற்றது. எழுவர் ஆட்டத்தின் பதினான்கு நிமிட மூச்சுக்குப் பழகிய உடல்கள் எண்பது நிமிடத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. அந்த அணியில் பெரும்பாலோருக்கு எட்டுப் பேர் பிணைந்து தள்ளும் முழு ‘ஸ்க்ரமில்’ சர்வதேச எதிரணியைச் சந்தித்த அனுபவமே இல்லை. அந்த நிலையில் தோல்வி இயல்பானது என்று சொல்வது அணிக்குச் சலுகை காட்டுவதாகாது. எந்த நாட்டின் அணியும் இந்தப் படியை ஒருமுறை ஏறித்தான் ஆக வேண்டும்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில் நடந்த அதே போட்டியில், போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸிடம் இந்தியா மீண்டும் தோற்றது. ஆனால் ஒரு வாரத்துக்குள்ளேயே ஆடிய அடுத்த ஆட்டத்தில், முந்தைய ஆண்டு தங்களைப் பெரிய வித்தியாசத்தில் வீழ்த்திய சிங்கப்பூரை 21-19 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஒடிசாவைச் சேர்ந்த சுமித்ரா நாயக் உதைத்த பெனால்டிதான் அந்த வெற்றியை உறுதிசெய்தது. அந்த மூன்று புள்ளிகளைக் கழித்துப் பார்த்தால் இந்தியா 18-19 என்று ஒரு புள்ளி பின்தங்கி நின்றிருக்கிறது. பூனாவைச் சேர்ந்த இயன்முறை மருத்துவரான வாபிஸ் பரூச்சாவின் தலைமையில் ஆடிய அந்த அணியில், பீகாரின் பாட் என்ற சிற்றூரிலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரியின் ஓட்டம் ஆசியாவின் கவனத்தை ஈர்த்தது. மகளிர் ரக்பிக்கென இயங்கும் ஸ்க்ரம்குவீன்ஸ் இணைய இதழ் அவரை 2019ஆம் ஆண்டின் சர்வதேச இளம் ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. இந்திய மகளிர் பதினைந்து பேர் அணி பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அதுதான்.

இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கிடைத்த ஒரு வெற்றிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று கேட்கலாம். வித்தியாசத்தின் அளவைக் காட்டிலும், அது எத்தகைய வித்தியாசம் என்பதே இங்கு முக்கியம். எழுவர் ஆட்டத்தில் தேர்ந்த ஓர் அணி பதினைந்து பேர் ஆட்டத்துக்கு வரும்போது அது தோற்கும் முறைகளுக்குத் தெளிவான அடையாளங்கள் உண்டு. முதல் இருபது நிமிடத்தில் வேகத்தால் ஒன்றிரண்டு ட்ரைகள் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரமிலும் ஓரடி, ஈரடி என்று பின்னுக்குத் தள்ளப்பட்டு, தள்ளப்படும்போது விதி மீறி, விதி மீறும்போதெல்லாம் பெனால்டி கொடுத்து, அறுபதாவது நிமிடத்துக்கு மேல் டேக்கிள் செய்யக் குனியும் வலுவும் குறைந்து, கடைசிக் கால் மணி நேரத்தில் ஆட்டம் கையைவிட்டுப் போகும். ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், எதிரணியை விதி மீறவைக்கும் அளவுக்கு அதன் பகுதியில் அழுத்தம் கொடுத்து, அந்த வாய்ப்பைப் பதற்றமின்றிப் புள்ளியாக மாற்றிய அணி இந்த வரலாற்றை ஓராண்டில் தலைகீழாக்கியிருக்கிறது. ட்ரை போடுவது ஓட்டக்காரரின் திறமை. கடைசி நிமிடத்தில் பெனால்டி பெறுவது பதினைந்து பேரின் கல்வி. 2019ஆம் ஆண்டுப் பயணத்தின் மெய்யான சாதனை இந்தக் கல்விதான்.

இதை விளங்கிக்கொள்ள ஸ்க்ரமைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். சிறு தவறுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்க இரு அணியின் எட்டெட்டு முன்னணி வீரர்களும் மூன்று வரிசைகளாகப் பிணைந்து, தலைகளை எதிரணியின் தலைகளுக்கு இடையில் கோத்துத் தள்ளுவதே ஸ்க்ரம். முதல் வரிசையில் மூன்று பேர்: நடுவில் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்கும் ‘ஹூக்கர்’, அவரைத் தாங்கி இருபுறமும் ‘ப்ராப்’ எனப்படும் தூண்கள். இரண்டாம் வரிசையில் நிற்கும் இருவர் முன்வரிசையின் இடுப்புகளுக்கு இடையே தலையை நுழைத்துத் தள்ளுவதால், காதுமடல் கிழியாமலிருக்கத் தலையைச் சுற்றி நாடா ஒட்டிக்கொள்வார்கள். நடுவர் குனியச் சொல்வார், பிடித்துக்கொள்ளச் சொல்வார், மூன்றாவது சொல்லில் பதினாறு உடல்களும் மோதும். அந்த மோதலில் முதுகு தரைக்கு இணையாக இல்லாமல் சற்று வளைந்திருந்தாலும், முழங்கால் சில அங்குலம் அதிகமாக மடங்கியிருந்தாலும் முன்வரிசை சரிந்து கழுத்துக்கு ஆபத்து வரும். ஆகவேதான் பயிற்சி பெற்றவர் அல்லாத எவரும் முன்வரிசையில் நிற்கக் கூடாது என்று விதியே தடுக்கிறது; இருபத்துமூன்று பேர் கொண்ட டெஸ்ட் அணியில் முன்வரிசையில் ஆடத் தகுதி பெற்றவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும். பக்கவாட்டில் வெளியேறிய பந்தை மீண்டும் உள்ளே எறியும்போது, ஒருவரை இருவர் தொடையைப் பிடித்து அந்தரத்தில் தூக்கிப் பந்தைப் பிடிக்கவைக்கும் ‘லைன் அவுட்’டும் இதேபோல மாதக்கணக்கில் பழகி வரவேண்டிய வித்தை.

எழுவர் ஆட்டத்திலும் ஸ்க்ரம் உண்டு; ஆனால் மூன்று பேருக்கு மூன்று பேர், சில நொடிகள். அதில் ஆண்டுக்கணக்கில் ஆடியவருக்கும் முழு ஸ்க்ரம் புதிய உலகம். விரைவான ஓட்டக்காரரை ஒரு மாவட்டத் தடகளப் போட்டியில் கண்டெடுத்து ஆறு மாதத்தில் எழுவர் ஆட்டத்துக்குத் தயார்செய்ய முடியும். ஒரு ப்ராப் உருவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும், அதுவும் அவர் தொடர்ந்து வலுவான எதிரணிகளோடு மோதினால்தான். 2018இலும் 2019இலும் இந்தியாவுக்கு ஆடிய முன்னணி வீராங்கனைகள் மிகக் குறைந்த ஆட்ட அனுபவத்தில் இதைக் கற்றார்கள். அவர்களுக்கு அதன் பிறகு தேவைப்பட்டது பாராட்டு விழாக்களைவிட ஆண்டுக்கு நான்கைந்து டெஸ்ட் ஆட்டங்கள்.

அது கிடைக்கவில்லை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று ஆசியப் போட்டிகளை முடக்கியதில் யாரையும் குறைசொல்ல இயலாது. ஆனால் தொற்று ஓய்ந்த பிறகும் இந்திய மகளிர் ரக்பியின் பணமும் கவனமும் பெரும்பாலும் எழுவர் ஆட்டத்துக்கே சென்றன. அந்த முதலீட்டுக்குப் பலன் இல்லாமலும் இல்லை: 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய எழுவர் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் வெள்ளி வென்றார்கள், எழுவர் ஆட்டத்தின் பெரும் மேதையாக மதிக்கப்படும் ஃபிஜியின் வைசாலே செரெவி இந்திய அணிகளுக்குப் பயிற்சியாளராக வந்தார். இருப்பினும் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜப்பானிடமும் ஹாங்காங்கிடமும் இந்திய மகளிர் அணி ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த இரு நாடுகளும் பதினைந்து பேர் உலகக் கோப்பையில் ஆடியவை. டேக்கிளிலும் ரக்கிலும் அவர்களுடைய பெண்கள் காட்டும் உறுதி பதினைந்து பேர் ஆட்டத்தின் நெரிசலில் பழகிப் பெற்றது. எழுவர் ஆட்டத்தில் முன்னேறுவதற்காகப் பதினைந்து பேர் ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும் கொள்கை, எழுவர் ஆட்டத்தின் உயர்ந்த தளத்திலேயே தோற்றுப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உலக அளவில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் லண்டனின் ட்விக்கன்ஹாம் அரங்கில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து கனடாவை வென்றபோது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள். ஆசியாவிலிருந்து அந்தக் கோப்பையில் ஆடியது ஜப்பான். மகளிர் பதினைந்து பேர் ஆட்டம் இப்போதுதான் தன் பெரும் வளர்ச்சிக் காலத்துக்குள் நுழைகிறது. இதில் இப்போது இடம்பிடிக்காத நாடு பத்தாண்டு கழித்து வந்து சேர்ந்தால் கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்காது.

இந்தியாவில் ரக்பிக்கு வேர் இல்லை என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. வரலாறு அதைப் பாதி ஒப்புக்கொள்கிறது, பாதி மறுக்கிறது. 1870களில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ரக்பி மன்றம் சில ஆண்டுகளிலேயே கலைந்தபோது, வங்கியிலிருந்த தன் இருப்பை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிவருகின்றன. உலகின் மிகப் பழைய சர்வதேச ரக்பிப் பரிசு இந்திய வெள்ளியால் ஆனது என்பது பெருமைதான். ஆனால் அந்த மன்றம் கலைந்ததன் பாடம் பெருமையைவிடப் பயனுள்ளது. அங்கு ஆடிவந்த ஆங்கிலேயப் படைப்பிரிவு இடம் மாறியதும் ஆளில்லாமல் போகும் அளவுக்கு அந்த ஆட்டம் உள்ளூர் மக்களிடம் சேரவே இல்லை. பக்கத்து நாடான இலங்கையில் அது பள்ளிகளுக்குள் நுழைந்தது. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் திரள்கிறது. இந்திய ஆடவர் அணிக்கு முதல் டெஸ்ட் வாய்த்ததோ 1998இல்தான்.

இன்றைய இந்திய மகளிர் அணியின் வேர்கள் அந்த ஆங்கிலேய மன்றங்களில் இல்லை. புவனேசுவரத்தில் பழங்குடி மாணவர்களுக்காக இயங்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம், வடக்கு வங்கத்தில் சிலிகுரிக்கு அருகிலுள்ள சரஸ்வதிப்பூர் தேயிலைத் தோட்டம், பீகாரின் சிற்றூர்கள் ஆகிய இடங்களிலிருந்துதான் பெண்கள் வந்தார்கள். கலிங்கா நிறுவனத்தின் சிறுவர்கள் 2007இல் லண்டனில் நடந்த பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியில் பட்டம் வென்ற பிறகு, விடுதியும் உணவும் மைதானமும் பயிற்சியாளரும் ஒரே வளாகத்தில் இருந்தால் எதுவும் இயலும் என்பது நிரூபணமாயிற்று. சுமித்ரா நாயக் வளர்ந்ததும் அந்த வளாகத்தில்தான். பீகார் அரசு, பதக்கம் கொண்டு வருபவருக்கு அரசு வேலை என்ற திட்டத்தால் ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கிறது. ஒடிசாவும் பீகாரும் மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் சேர்ந்து சுமக்கும் இந்தத் தேசிய அணியில் தெற்கின் பங்கு மிகக் குறைவு என்பது தமிழ்நாட்டுக்கு வருத்தம் தர வேண்டிய செய்தி.

சென்னைக்கு ரக்பி அந்நியமானதல்ல. ஆங்கிலேயர் காலத்திலிருந்து இங்கு அது ஆடப்பட்டிருக்கிறது; சென்னை சீட்டாஸ் போன்ற மன்றங்கள் இயங்கியிருக்கின்றன; 2015இல் ஆசிய மகளிர் எழுவர் ஆட்டத்துக்கான ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் ஒரு கட்டமும் சென்னையில் நடந்திருக்கிறது. 2025 ஜூனில் முதன்முறையாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் பட்டம் வென்றது ‘சென்னை புல்ஸ்’ என்ற அணி. இறுதியாட்டத்தில் டெல்லியை 41-0 என்று வீழ்த்தியது. ஆனால் அந்தத் தொடரின் எல்லா ஆட்டங்களும் மும்பையில்தான் நடந்தன. சென்னையின் பெயரில் கோப்பை வந்தது, சென்னையின் மைதானத்துக்கு ரக்பி வரவில்லை.

இங்குதான் வண்டலூர் சாலை பொருள் பெறுகிறது. வண்டலூரிலிருந்து கிழக்கே கொளப்பாக்கம், கண்டிகை வழியாகக் கேளம்பாக்கம் செல்லும் சாலையில், மேலக்கோட்டையூரில் அமைந்திருக்கிறது தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். 2004இல் சட்டமியற்றப்பட்டு 2005 முதல் செயல்படும் இந்தப் பல்கலைக்கழகத்தோடுதான் தமிழ்நாட்டின் உடற்கல்வியியல் கல்லூரிகள் இணைந்துள்ளன. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியின் மரபு வரை அது நீள்கிறது. கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை பள்ளி மைதானங்களில் விசிலோடு நிற்கப்போகும் உடற்கல்வி ஆசிரியர்கள் உருவாகும் இடம் அது. ஓர் ஆட்டத்தை மாநிலம் முழுதும் கொண்டுசெல்ல வேண்டுமானால் ஆட்டக்காரரைத் தேடுவதற்கு முன் ஆசிரியரைத் தேட வேண்டும். அந்த ஆசிரியர்கள் அனைவரும் ஒரே குடையின் கீழ் கற்கும் வாய்ப்பு இந்தியாவில் மிகச் சில மாநிலங்களுக்கே வாய்த்திருக்கிறது. கூடவே விளையாட்டு உளவியல், உயிரியக்கவியல், உடற்செயலியல் போன்ற துறைகளும் அங்கு உண்டு. ஸ்க்ரமில் முதுகின் கோணம் எப்படி இருக்க வேண்டும், எண்பது நிமிட ஆட்டத்துக்குப் பெண்களின் உடலை எப்படித் தயார்செய்ய வேண்டும் என்பன அத்துறைகளின் ஆய்வு மேசையில் இருக்க வேண்டிய கேள்விகளே.

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பெண்களின் கபடி மரபே ரக்பிக்கு ஆயத்தப் பள்ளி என்று சொல்லலாம். பாடிப்போகும் ஆட்டக்காரியின் கணுக்காலைத் தாழ்ந்து பாய்ந்து பற்றுவது, தொடையைக் கோத்துத் தூக்கி நிலைகுலைப்பது, பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்தபடி சங்கிலியாக நகர்வது, அஞ்சாமல் உடலோடு உடல் மோதுவது ஆகிய அனைத்தும் டேக்கிளின் அடிப்படைகள். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் சிறுமிகள் கபடியில் காட்டும் திறமை ஊரறிந்தது. கண்ணகி நகரில் வளர்ந்த ஒரு பெண் 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அந்த இடங்களிலிருந்து மேலக்கோட்டையூர் எட்டாத தொலைவல்ல. கபடியிலிருந்து டேக்கிள் செய்பவர்கள் வருவார்கள் என்றால், குண்டு எறிதல், வட்டு எறிதல், பளுதூக்குதல் ஆகியவற்றில் மாவட்ட அளவோடு நின்றுவிடும் வலுவான உடலமைப்புள்ள பெண்களே முன்வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் உரியவர்கள். மெலிந்த உடலையே பெண்ணின் தகுதியாகக் காணும் சமூகத்தில், எடையும் அகலமும் உள்ள ஒரு பெண்ணின் உடலை இன்றியமையாத செல்வமாக மதிக்கும் குழு ஆட்டம் இதைப்போல் வேறெது? இது ஒரு சிறு பயன் அல்ல. பள்ளி மைதானத்தின் ஓரத்திலேயே நிறுத்தப்படும் எத்தனையோ சிறுமிகளுக்கு இது வாழ்க்கையை மாற்றும் செய்தி.

தடைகளும் உண்மையானவை. ரக்பிக்குப் புல்தரை வேண்டும். தென்சென்னைப் புறநகரின் பெரும்பாலான பள்ளி மைதானங்கள் கட்டாந்தரையாக இருக்கின்றன, அதில் டேக்கிள் செய்தால் முழங்கையிலும் முட்டியிலும் தோல் மிஞ்சாது. ஏப்ரல், மே வெயிலில் பகலில் ஆட இயலாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மைதானம் நீர் கோக்கும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு பருவம், ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை நேரங்களில் ஒரு பருவம் என்று உள்ளூர் நாட்காட்டியை வகுத்தாக வேண்டும். இவற்றைவிடப் பெரிய தடை பெற்றோரின் அச்சம், அதை அலட்சியப்படுத்துவது தவறு. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே ஆட்டக்காரரை உடனே வெளியேற்றி, படிப்படியாக மட்டுமே மீண்டும் ஆட அனுமதிக்க வேண்டும் என்ற உலக ரக்பி அமைப்பின் விதிமுறையை, தேசிய அளவில் மட்டுமல்லாது பள்ளி அளவிலும் கறாராகக் கடைப்பிடிப்பதும், ஒவ்வொரு சிறுமிக்கும் விபத்துக் காப்பீடு எடுப்பதும், முதல் ஓராண்டுக்கு, வீழ்த்துவதற்குப் பதிலாகத் தொட்டு நிறுத்தும் தொடு ரக்பி மட்டும் கற்பிப்பதும் அந்த அச்சத்துக்கு நேர்மையான பதில்கள்.

ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்கு அரசு ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வியும் வரும். கபடியும் ஒலிம்பிக்கில் இல்லை. அதற்காகத் தமிழ்நாடு அதைக் கைவிட்டுவிடவில்லை. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அளிக்கும் மூன்று சதவீத ஒதுக்கீடு தேசிய ரக்பி அணியில் இடம்பெறும் பெண்களுக்கு எட்டும் வழியைத் தெளிவாக அறிவித்தால், பன்னிரண்டாம் வகுப்போடு ஆட்டத்தை நிறுத்தும் பெண்களில் பலர் தொடர்வார்கள்.

இரு பயணங்களையும் ஒன்றாக வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால், 2018ஆம் ஆண்டு அணி தன் தோல்விகளிலிருந்து கற்றது, 2019ஆம் ஆண்டு அணி கற்றதை நிரூபித்தது. ஆட்டக்காரர்கள் இரண்டு தேர்விலும் தேறியவர்கள். தோற்றது, அவர்களுக்கு அடுத்த ஆட்டத்தை ஏற்பாடு செய்யத் தவறிய திட்டம். பதினைந்து பேர் அணியை எழுவர் அணியின் மிச்ச நேரத்தில் கூட்டும் வழக்கத்தை இந்திய ரக்பி கூட்டமைப்பு கைவிட வேண்டும். முன்வரிசைக்கெனத் தனித் தேர்வும் தனி முகாமும் வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் ஆண்டுக்கு ஒரு போட்டி என்றிராமல், ஒரே எதிரணியோடு அடுத்தடுத்து இரண்டு, மூன்று டெஸ்ட்கள் ஆடும் தொடராக அமைய வேண்டும். சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேர விமானப் பயணத்துக்குள் இருக்கிறது. சிங்கப்பூர் சென்னைக்கு நேரடி விமானம் உள்ள நகரம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மேலக்கோட்டையூர்ப் பல்கலைக்கழகமும் மாநில ரக்பி சங்கமும் கைகோத்து, ஒரு முழு அளவுப் புல்தரையையும் ஒரு ஸ்க்ரம் பயிற்சி இயந்திரத்தையும் முப்பது பெண்களுக்கு விடுதியோடு கூடிய மூன்றாண்டுப் பயிற்சியையும் ஏற்படுத்தி, அதன் முடிவில் சிங்கப்பூர் மகளிர் அணியைத் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு டெஸ்ட் ஆட அழைக்க வேண்டும்.